ஓலையும் குடையும்: சட்டாம்பிள்ளை என்னும் பெயர்

ஆறாம் வகுப்பில் என்னை லீடர் ஆக்கினார்கள். சாயங்காலம் ஓடிவந்து, படிப்புரையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டாவிடம் சொன்னேன்.

“பாட்டா, நான் கிளாஸ் லீடர்.”

“அப்படீண்ணா?”

“சார் இல்லாதப்போ பேசவன் பேரெல்லாம் போர்டுல எழுதி வைக்கணும். சார் வந்து அடிப்பாரு.”

பாட்டா உலக்கையை நிறுத்தினார். “சட்டம்பிள்ளைண்ணு சொல்லு. ஆனா சட்டம்பிள்ளைண்ணா கம்பெடுக்கவன் இல்ல மக்கா, ஓலையெடுக்கவன். எனக்கு முதல்ல ‘அ’ எழுதித் தந்தது ஆசான் இல்ல, சட்டம்பிள்ளையாக்கும்.”

அன்றைக்கு அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெயர் எழுதும் அதிகாரத்தைக் கொண்டாடத்தான் ஓடிவந்திருந்தேன். ஐம்பது வருஷம் கழித்து, பாட்டா சொன்ன ‘ஓலையெடுக்கவன்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரின் பின்னால் நடந்தேன். முஞ்சிறைச் செப்பேடு, யாழ்ப்பாணம், எழும்பூர், லண்டன் என்று அது எங்கெங்கோ கூட்டிப்போனது.

முதலில் ஓலை. சட்டம் என்றால் இன்று விதி, நீதிமன்றம். அதற்கு முன்னால் அது கைவேலைக்காரர்களின் சொல். கதவுக்குச் சட்டம், படத்துக்குச் சட்டம், கட்டிலுக்குச் சட்டம். நேராக இருப்பதும் மற்றொன்றை நேராக நிறுத்துவதும் சட்டம். எழுதுவதற்காக வாரி ஒழுங்கு செய்த பனை ஓலைக்கும் பழைய தமிழில் அதே பெயர். அந்த வேலைக்குச் சட்டம் வாருதல் என்று பெயர். பனை ஓலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்காலோ வழவழப்பான கல்லாலோ தேய்த்து எடுப்பார்கள். இதைப் பாடம் பண்ணுதல் என்பதும் உண்டு. பிள்ளை படிப்பதற்கும் பாடம், ஓலை பதப்படுவதற்கும் பாடம். இரண்டும் ஒரே வேரா என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் கேட்பவன் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும்.

ஆசான் பள்ளிக்கூடத்தில் எழுத்து முதலில் மணலில் விரலால். கை படிந்த பிறகு ஓலையில் எழுத்தாணியால். ஓலையில் கீறிய கோடு பச்சையாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கரியையும் இலைச்சாற்றையும் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வரும். புதுப்பிள்ளைக்கு இதில் எதுவும் வராது. ஓலை கிழியும், எழுத்தாணி விரலைக் குத்தும். பெரிய பையன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஓலையின் மேல்வரியில் எழுத்தைக் கீறித் தருவான். சின்னவன் கீழ்வரியில் அதைப் பார்த்துக் கீற வேண்டும். மேல்வரி எழுதித் தந்த பையன்தான் சட்டம்பிள்ளை. பேச்சில் இழுத்துச் சொல்லிச் சொல்லிச் சட்டாம்பிள்ளை ஆனது.

சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றி விசாரிக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அனுப்பிய பதிலில் ஒரு காட்சி இருக்கிறது. காலையில் முதலாவதாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். அடியை விட்டுவிடுவோம். விடியுமுன் எழுந்து ஓடிவந்த ஒரு சின்னக் கையில் எழுத்தாணி படாமல் எழுதப்பட்ட அந்தப் பெயரை நினைத்துப் பார்க்கிறேன். அன்று முழுவதும் அந்தக் கையை அவன் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பான்! அதே அறிக்கையில் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கேம்ப்பெல் பாராட்டுகிறார். பொழுது சாயும் நேரம் எண்சுவடி வாய்ப்பாட்டை ஒருவன் முன்னால் நின்று சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். முன்னால் நின்று சொன்னவனும் சட்டாம்பிள்ளையேதான்.

இனி மேற்கே திரும்ப வேண்டும். விளவங்கோடு தாண்டி, மலையாளம் கலந்து பேசும் ஊர்களில் போய் ஒருவரைச் ‘சட்டம்பி’ என்று சொன்னால் சண்டைக்கு வருவார். அங்கே சட்டம்பி என்றால் போக்கிரி. மலையாளத்தில் இன்றைக்கு அதற்கு வேறு பொருளே இல்லை என்கிற அளவுக்கு அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது. ஆனால் அதே சொல்லை ஒரு துறவி தன் பெயராகத் தாங்கினார். சட்டம்பி சுவாமிகள், 1853-ல் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணம்மூலையில் பிறந்தவர். வறுமையான வீடு. பேட்டையில் ராமன்பிள்ளை ஆசானின் பள்ளியில் படித்தார். அங்கே சட்டம்பியாக, அதாவது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவனாக, ஆசான் அவரை வைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழும் சமஸ்கிருதமும் கற்று, வேதம் எல்லோருக்கும் உரியது என்று வாதாடிப் புத்தகம் எழுதி, 1924-ல் மறையும்வரை, பள்ளிக்கூடப் பெயர்தான் அவருக்குத் துறவுப் பெயரும். அவருக்கு ஞானம் கைகூடிய இடமாக வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் காட்டுவது நாகர்கோவிலை ஒட்டிய நம் வடிவீஸ்வரத்தை. வடிவீஸ்வரத்துத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஒரே சொல் ஞானிக்கும் போக்கிரிக்கும் எப்படிப் பெயரானது? இதற்கு விடை தேடினால் ஆயிரம் வருஷம் பின்னால் போகவேண்டும். தூரம் அதிகமில்லை, முஞ்சிறைப் பக்கம்தான்.

கி.பி. 866 வாக்கில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் வேறு நிலம் கொடுத்து உழக்குடிவிளை என்ற இடத்தை வாங்கினான். அங்கே விஷ்ணு கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, கோயிலோடு ஒரு சாலையும் வைத்தான். சாலை என்றால் வழி அல்ல, உண்டும் உறைந்தும் படிக்கும் இடம். காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கையே இங்கும் வைத்ததாக அவனுடைய செப்பேடு சொல்கிறது. நம் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ஆசிரியராகவே வாழ்ந்தவர், அந்தக் காந்தளூர்ச் சாலையை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். பார்த்திவசேகரபுரத்துச் சாலையில் 95 பேருக்கு இடம். வேதக் கிளைவாரியாகப் பவிழிய சரணத்தார் 45, தைத்திரீயர் 36, தலவகாரர் 14. இலக்கணமும் மீமாம்சையும் புரோகிதமும் அறிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்று தகுதி வைத்தார்கள். அந்த 95 பேருக்கும் செப்பேடு தரும் பெயர்: சட்டர்.

அவர்களுக்கு விதிகள் இருந்தன. ஒருவரை ஒருவர் வையக்கூடாது, வைதால் தண்டம். கூடும் இடத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. சூதாடக்கூடாது. விதி ஒன்றைச் செப்பில் வெட்டினார்கள் என்றால் அந்தப் பிழை ஏற்கெனவே நடந்திருக்கிறது என்று பொருள். சட்டர் கையில் ஆயுதம் இருந்தது. கேரளத்தில் சாத்திரக்களி என்று ஒரு பழைய ஆட்டம் உண்டு, அதில் வேதம் படித்தவர்களே ஆயுத வித்தையும் காட்டுவார்கள். படிப்பும் சிலம்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்த இடத்தில் தலைமாணவன் முரடனாகவும் பெயரெடுக்க வழி இருந்தது. சட்டம்பி போக்கிரி ஆன பாதை இங்கே தொடங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சட்டர் என்ற சொல் வடமொழிச் சாத்ரர் என்பதன் தமிழ் வடிவம். சாத்ரன், மாணவன். அதன் அடி ‘சத்ர’, அதாவது குடை. மாணவனுக்கும் குடைக்கும் என்ன உறவு? பாணினியின் இலக்கணத்தில் நான்காம் அத்தியாயத்தில் ‘சீலம்’ என்று ஒரு தலைப்பு. சீலம் என்றால் ஒருவனுக்கு ஊறிப்போன பழக்கம். எதைப் பழக்கமாகக் கொண்டிருக்கிறானோ அதை வைத்து அவனுக்குப் பெயர் அமையும் விதம் அங்கே வருகிறது. அடுத்த சூத்திரமே குடையில் தொடங்குகிறது. குடை பிடிப்பதைப் பழக்கமாகக் கொண்டவன் சாத்ரன் என்றால் அரசனுக்குக் குடை பிடிக்கும் சேவகனும் மாணவன் ஆகிவிடுவானே என்று பதஞ்சலி தடை எழுப்புகிறார். பிறகு அவரே விடையும் சொல்கிறார். குடை என்பது ஆசிரியர்தான். வெயில் மழை படாமல் குடை மறைப்பதுபோல ஆசிரியர் மாணவனை மறைத்துக் காக்க வேண்டும், மாணவனும் குடையைப் பேணுவதுபோல ஆசிரியரைப் பேண வேண்டும். மாணவன் என்ற சொல்லை அறிவுக்கோ வயதுக்கோ உரிய இடத்தில் வைக்காமல் பழக்கத்தின் கீழ் வைத்தார்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

ஆக இரண்டு வழி. சட்டம் என்ற ஓலையிலிருந்து சட்டம்பிள்ளை. சட்டர் என்ற மாணவரிலிருந்து சட்டம்பி. சட்டனையும் நம்பியையும் சேர்த்துச் சட்டம்பி ஆயிற்று என்று சொல்பவர்களும் உண்டு. என் தீர்ப்பு இது: சட்டம்பி தனிச்சொல் அல்ல, சட்டம்பிள்ளையின் கடைசி அசை தேய்ந்த வடிவம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது சட்டர் என்ற பழைய பெயரின் ஓசை இந்த மண்ணில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. தமிழ் பேசியவர்கள் அதில் ஓலைச் சட்டத்தைக் கேட்டார்கள், மலையாளக்கரை சட்டரைக் கேட்டது. ஓலையும் குடையும் ஒரே மரத்தில் வந்து முடிவதும் எனக்குப் பிடித்திருக்கிறது. குடைப்பனை என்று ஒரு பனை இருக்கிறது. ஒரு மட்டையிலேயே ஆள் நனையாமல் நிற்கலாம், அத்தனை அகலமான ஓலை. அதில் குடையும் செய்தார்கள், ஏடும் எழுதினார்கள்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் கேட்டால் சட்டம்பியார் என்பது மரியாதைச் சொல். பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பெயர் அது. நாஞ்சில் நாட்டில் மாணவத் தலைவன், சேரநாட்டில் முரடன், ஈழத்தில் ஆசிரியர். மூன்றில் ஈழம்தான் சொல்லின் உயிரைப் பத்திரமாக வைத்திருக்கிறது. கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் நாசரேத் பக்கம், மிஷனரிகளோடு முரண்பட்டு 1857-ல் இந்து கிறித்தவ சபை கண்ட அருமைநாயகமும் சட்டாம்பிள்ளை என்ற பெயராலேயே வரலாற்றில் நிற்கிறார். பள்ளிக்கூடத்தில் கிடைத்த பெயர் ஆயுள் முழுக்க ஒட்டுமளவு அதற்கு மதிப்பு இருந்தது.

இங்கிலாந்துப் பயணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியில் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தன் விடுதியில் செய்யச் சொன்னார். சம்பளம் வாங்கிய ஆசிரியர்கள் மறுத்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனை அழைத்துச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அது பலித்தது. 1797-ல் லண்டனில் அதை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்று, ஜோசப் லங்காஸ்டர் என்பவரின் பள்ளிகளோடு சேர்ந்து, உலகின் பல மூலைகளுக்கும் போயிற்று. சொல்லிக்கொடுக்கும் மாணவனுக்கு அங்கே ‘மானிட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் கப்பலேறி நம் பள்ளிகளுக்கே திரும்பி வந்து சட்டாம்பிள்ளையைத் துரத்தியது. பிறகு லீடர் வந்து மானிட்டரைத் துரத்தியது. பெல் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1623-ல், பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி இக்கேரிப் பக்கம் ஒரு கோயில் திண்ணையில் சில பையன்கள் வாத்தியார் இல்லாமலேயே கணக்கைப் பாட்டாகப் பாடி, தரையில் மணலைப் பரப்பி எழுதிப் பழகியதைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது? ஆசிரியர் குறைவு, சம்பளம் மிச்சம் என்பது ஆளுகிறவர்களின் கணக்கு. பவணந்தி முனிவரின் கணக்கு வேறு. நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணவன் படிக்கும் விதத்தைச் சொல்லும் இடத்தில் அவர் பின்னம் போட்டே காட்டுகிறார். ஆசான் சொன்னதை ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் கால்பங்குதான் கிடைக்கும். சக மாணவரோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி இரண்டு காலும் தான் பிறருக்கு நன்றாக எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். அதாவது பாதிப் படிப்பு வாயில் இருக்கிறது. கேட்டதைத் திரும்ப நினைப்பது, பாடத்தைப் போற்றுவது, தக்கவரோடு சேர்ந்து படிப்பது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது என்று மாணவனின் பழக்கங்களையும் அடுக்குகிறார். அந்தக் கடைசிப் பழக்கத்தைத்தான் சட்டாம்பிள்ளை நாள் முழுவதும் செய்தான்.

இது எனக்குப் புரிந்தது பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளையால். 42-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லிக்கொடுத்தேன். “இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு” என்றேன். “மாமா, வாங்கின கடனை எப்ப திருப்பிக் கொடுக்கணும்?” என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். நாற்பது வருஷமாகக் கடன் வாங்கிக் கழித்த எனக்குப் பதில் வரவில்லை. ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் தரையில் வைத்து, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டியபோதுதான், அங்கே கடன் என்று எதுவும் இல்லை, ஒரு பத்து உதிரிகளாக மாறி நிற்கிறது என்பது எனக்கே தெளிந்தது. அவள் கேட்டிராவிட்டால் என் கால்பங்கோடு நான் செத்திருப்பேன்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. பார்த்திவசேகரபுரத்து 95 இடங்களில் ஒன்றுகூட உழுதவன் மகனுக்கோ பனையேறி மகனுக்கோ இல்லை. ஓலை வெட்டித் தந்தவனின் பிள்ளைக்கு அந்த ஓலையில் எழுத இடமில்லை. 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயின் பள்ளியும், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று 1817-ல் ராணி கௌரி பார்வதி பாயி விட்ட ஆணையும், 1819-ல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளியும், 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம் கண்ட அய்யன்காளியின் போராட்டமும் வந்த பிறகுதான் கதவு ஒவ்வொரு விரற்கடையாகத் திறந்தது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அந்த எண்ணுக்குள் கதவுக்கு வெளியே நின்று கேட்டுப் படித்தவர்கள் எத்தனையோ பேர். சட்டம்பி சுவாமிகளையும் அப்படித்தான் சொல்வார்கள், அடுத்தவர் வீட்டுப் பாடத்தை மறைந்து நின்று கேட்டார் என்று.

சொல் எங்கே பழுதுபட்டது என்பதும் தெரிகிறது. ஆசான் கையிலிருந்த பிரம்பு என்றைக்குச் சட்டாம்பிள்ளை கைக்கு வந்ததோ அன்றைக்கு. வராத பிள்ளையைத் தூக்கிவர அனுப்பினார்கள், பேசியவனைக் காட்டிக்கொடுக்கச் சொன்னார்கள். கரும்பலகையில் நான் எழுதிய பெயர்கள் அந்த வழியில் வந்தவை. அந்த வருஷம் நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், அட்டை எடுத்துப் படிக்கும் பிள்ளைகளில் ஒரு குழு ஆசிரியர் துணையோடும் இன்னொரு குழு சக மாணவர் துணையோடும் படிக்கும்படி வைத்திருந்தார்கள். ஒரு தொடக்கப் பள்ளியில் பாயில் உட்கார்ந்திருந்த நான்காம் வகுப்புச் சிறுமி, இரண்டாம் வகுப்புப் பையனின் கையைப் பிடித்து ‘ழ’வைச் சுழித்துக் காட்டியதை வாசலில் நின்று பார்த்தேன். அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஆசிரியையிடம் கேட்டேன். “பேரெல்லாம் இல்லீங்க, அவ தெரிஞ்சவ, சொல்லிக் குடுக்கா” என்றார்.

பாட்டா போன பிறகு அவருடைய மரப்பெட்டியில் ஜாதகக் கட்டுக்கு அடியில் ஒற்றை ஓலை கிடந்தது. ஓரம் செல்லரித்திருந்தது. மேல்வரியில் ‘அ’, நேராக, ஒரே ஆழத்தில், நிறுத்தாமல் கீறிய கோடு. கீழே ஆறு ‘அ’. முதலாவது கொம்பு முறிந்து படுத்துக்கிடக்கிறது. மூன்றாவதில் எழுத்தாணி ஓலையைக் கிழித்திருக்கிறது. ஆறாவது கிட்டத்தட்ட மேல்வரி மாதிரியே இருக்கிறது. அந்த மேல்வரியை எழுதியவர் பெயரை ஒருமுறை பாட்டாவிடம் கேட்டிருக்கிறேன். ரொம்ப நேரம் யோசித்தார். “பேரு மறந்துபோச்சு மக்கா. பதினொண்ணோ பன்னெண்டோ வயசு இருக்கும். இடதுகையாலதான் எழுதுவாரு” என்றார்.